தோழி வைத்தியர் இல்லை: தமிழ் இளையோர் நாவல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்கள் தமிழில் மெல்ல வரத் தொடங்கியிருக்கின்றன. பெரிய விபத்தில் தப்பியவள், பாலியல் தொல்லைக்கு ஆளானவள், வீட்டுக்குள் அடி உதை பார்த்து வளர்ந்தவன் என்று மனக்காயப்பட்ட பிள்ளைகளும், அவர்களுக்குத் துணை நிற்கிற சிநேகிதர்களும் அவற்றில் வருகிறார்கள். எங்களுக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் நாங்கள் வாசித்துத் திருத்தும் கைப்பிரதிகளில் ஒரு காட்சி விடாமல் வருகிறது. மொட்டை மாடி, சாயங்காலம். "மனசுக்குள்ளயே வச்சிக்காத, எல்லாத்தையும் கொட்டிடு" என்று தோழி காயப்பட்ட பெண்ணைப் பிடித்து உலுக்குகிறாள். அவள் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி அழுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் ஆண்டு விழா மேடையில் ஆடுகிறாள். இந்தக் காட்சியை மாற்றி எழுதச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதே என்கிறது. பார், கேள், தக்க உதவியோடு சேர்த்துவிடு: அவ்வளவுதான் அது சொல்லித்தரும் வேலை. நாவலைப் படிக்கிற பிள்ளை அதில் வரும் தோழியைப் போலவே செய்து பார்ப்பாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் வகுப்புத் தோழியை ஓர் ஓரமாகக் கூட்டிப்போய்க் குடைவாள். தன் காயத்தைச் சொல்லி அழுதும் தூக்கம் வராத பிள்ளை அதே பக்கத்தைப் படித்தால், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுவாள்.

அப்படியானால் தோழிக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது, எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். பஸ் விபத்தில் தப்பிய பெண் மறுபடி பஸ் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் இல்லாத பிரேக்கை அவள் வலது கால் மிதிக்கிறது. மடியில் இருக்கும் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி நுனி வெளுத்துப்போகிறது. தோழி அதைப் பார்த்துவிட்டாள். "பயமா இருக்கா?" என்று கேட்கவில்லை. "அந்தக் கடை போர்ட படிடி. அதுக்கடுத்தது? இந்தப் பக்கம் எத்தன பச்ச சட்ட?" என்கிறாள். கண்ணும் காதும் இப்போது இருக்கிற இடத்துக்குத் திரும்பினால் உடல் சற்று அடங்கும். ஆலோசகர்கள் கற்றுத்தரும் பயிற்சிதான் இது, ஆனால் தோழிக்கு அதன் பெயர் தெரிய வேண்டியதில்லை. "நான் என்றும் உன்னுடன் இருப்பேன்" என்று எந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் பேசுவதில்லை. "சாப்டியா? பாக்ஸத் தொற" என்பார்கள். அந்த வசனத்தை வெட்டாதீர்கள்.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதிலும் கைப்பிரதிகள் இடறுகின்றன. நடந்த சம்பவம் சாய்வெழுத்தில் முதலிலிருந்து கடைசி வரை கோவையாக, நான்கு பக்கத்துக்கு வரும். காயப்பட்ட நினைவு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. டீசல் வாடை, உடைந்த கண்ணாடியின் சத்தம், யாரோ ஒருவரின் செருப்பு என்று துண்டு துண்டாக, கேட்காத நேரத்தில், இப்போதுதான் நடப்பதுபோல வரும். எது முன், எது பின் என்று குழம்பும். அப்படியே எழுத விட்டால் பக்கமும் குறையும், வாசகரைச் சம்பவத்துக்குள் இழுத்துப்போட்டு வதைப்பதும் குறையும்.

காலக்கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறோம். ஒரு காலண்டர் தாளில் சம்பவ நாளைக் குறித்து, ஒவ்வொரு அத்தியாயமும் எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். முதல் சில வாரங்களில் தூக்கமின்மை, திடுக்கிடல், எரிச்சல், அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப்போவது எல்லாம் பலருக்கும் வரக்கூடியவை. பெரும்பாலானவர்களுக்கு அவை நாளடைவில் தணியும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து, படிப்பையும் பிறரோடு பழகுவதையும் முடக்கினால்தான் மருத்துவர்கள் பிடிஎஸ்டி (மனக்காயத்துக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற நோயறிதலுக்குப் போவார்கள். பத்தாம் நாளிலேயே ஒரு டாக்டர் பாத்திரம் அந்தப் பெயரைச் சொன்னால் சிவப்புக் கோடு போடுங்கள். அதேபோல, ஆறு மாதம் நன்றாக இருந்தவள் சம்பவத்தின் வருட நாளில் மறுபடி சுருண்டு படுப்பதும் உண்டு. அதைத் 'தொய்வு' என்று நீங்கள் வெட்டிவிடக் கூடாது. பையன்கள் அழாமல் சண்டைக்குப் போவார்கள், அதற்கு 'ரவுடி' என்று பெயர் வாங்குவார்கள். அந்தக் கதை தமிழில் வர வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறோம்.

கவுன்சலிங் காட்சிக்கு: முதல் நாளே "நடந்ததைச் சொல்லும்மா" என்று கேட்பவர் நல்ல ஆலோசகர் ஆகமாட்டார். மனக்காயத்தை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மெல்ல மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் நடக்கும். மூச்சுப் பயிற்சி, உணர்ச்சிக்குப் பெயர் வைக்கப் பழகுவது எல்லாம் முதலில். சம்பவத்தைப் பேசுவது நடுவில்தான் வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. பிள்ளை பயந்திருக்கிறாள் என்று அம்மா வேப்பிலை அடிக்கவோ தர்காவில் ஓதவோ கூட்டிப்போனால் அதைக் கேலி செய்ய வேண்டாம். அவளுக்குத் தெரிந்த முதல் அக்கறை அது. சிகிச்சையின் இடத்தில் அதை வைத்து முடித்துவிடாமல் இருந்தால் போதும்.

பாலியல் வன்முறை வருகிற நாவல்களுக்குச் சட்ட வாசிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும், பிரிவு 19. சொல்லாமல் மறைத்தால் பிரிவு 21 தண்டிக்கும், ஆனால் சிறாருக்கு அந்தத் தண்டனை பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. ரகசியம் காத்த தோழியை "நீயும் ஜெயிலுக்குப் போவ" என்று மிரட்டும் ஆசிரியர் பாத்திரம் வந்தால், அது தவறு என்று கதைக்குள்ளேயே யாராவது சொல்லட்டும். வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரியால் பதிவாக வேண்டும். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். இரவில் எக்காரணம் கொண்டும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. கதையில் போலீஸ் இதை மீறலாம், நிஜத்திலும் மீறுகிறார்கள். ஆனால் அது மீறல் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். 'உண்மைச் சம்பவம்' என்று அட்டையில் போடும் ஆசை இருந்தால் பிரிவு 23-ஐ முதலில் படியுங்கள். பெயரை மாற்றினாலும் பள்ளி, தெரு, குடும்ப விவரம் என்று அடையாளம் காட்டும் எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது என்கிறது அது.

அட்டையில் இருட்டு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பெண் வேண்டாம். இரண்டு சைக்கிள், ஒரு டிபன் பாக்ஸ் போதும். முதல் பக்கத்தில் இந்த நாவலில் என்ன வன்முறை வருகிறது என்று ஒரே வரி. கடைசிப் பக்கத்தில் சிறார் உதவி எண் 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பும், ஒவ்வொரு மறுபதிப்புக்கு முன்பும் அலுவலகத்தில் ஒருவர் அந்த இரண்டு எண்களுக்கும் போன் செய்து, தமிழில் எடுத்துப் பேசுகிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
இளையோர் நாவல் கைப்பிரதிகளை வாசித்துத் திருத்தும் சிலர்