12-க்கு 5

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறிய ஆலைகளில் தனிச்சுவையோடு காய்ச்சும் கிராஃப்ட் பீரை ரசிப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வது குடிக்குப் புதுச்சட்டை மாட்டிவிடும் வேலை என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். குடிப்பழக்கம் என்கிறோம், குடிப்பொழுதுபோக்கு என்று யாராவது சொல்கிறோமா என்றும் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. படித்து முடித்ததும் என் கணவர் பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளினார். வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை மூன்று வருடங்களுக்கு முன் அவரிடம் சொன்னவள் நான்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 31 வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பீர் குடிப்பதில்லை. கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை, அந்தக் கசப்பு எனக்கு ஆகாது, அவ்வளவுதான். என் கணவர் ஓய்வு பெற்றபோது அவருடைய அலுவலகத்தில் ஒரு மலர் போட்டார்கள். அதற்காக வந்த படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் அவர் 'கிராஃப்ட் பீர்' என்று எழுதி வைத்திருந்தார். நான் அதை அடித்துவிட்டு 'புத்தக வாசிப்பு' என்று எழுதி அனுப்பினேன். அவர் கடைசியாக ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்தது எப்போது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வாசிப்பு என்று எழுதிவிட்டால் யாரும் பரீட்சை வைப்பதில்லை, பாருங்கள்.

அவருக்குக் கோபம். தன்னுடைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். குடித்த ஒவ்வொரு பீரையும் அதில் குறித்து வைத்திருக்கிறாராம். 212 பதிவுகள். தொழில் புத்தி விடுமா, உட்கார்ந்து எண்ணினேன். 'அருமை' 97 தடவை. 'ரொம்ப அருமை' 41 தடவை. 'பரவாயில்லை' 60 தடவை. மீதி 14 பக்கங்களில் பாட்டில் லேபிளை உரித்து ஒட்டியதோடு சரி, ஒரு எழுத்தும் இல்லை. ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் மட்டும் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார். "இதில் நீங்கள் எதைக் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன். "ரசிப்பதற்கு எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்றார்.

சரி, ரசனையையே சோதித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. பீர் ஆலைகளிலும் உணவு ஆய்வுக்கூடங்களிலும் செய்வது. மூன்று டம்ளர் வைப்பார்கள். இரண்டில் ஒரே பானம், மூன்றாவதில் வேறு. எது வேறு என்று மட்டும் சொன்னால் போதும். எது நல்லது, எது பிடித்தது என்ற பேச்சே கிடையாது. அவர் நோட்டிலிருந்தே ஐ.பி.ஏ. என்ற கசப்பு தூக்கலான வகையில் இரண்டு பீரை எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு ஐந்துக்கு நாலரை போட்டிருந்தார், 'ரொம்ப அருமை'. இன்னொன்றுக்கு இரண்டரை. ஒரே மாதிரி மூன்று கண்ணாடி டம்ளர், நிறம் தெரியாமல் இருக்க வெளியே காகிதம் சுற்றி, அடியில் பென்சிலால் ஒரு குறி. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஊற்றினேன். டம்ளருக்கு 30 மில்லி, அதற்கு மேல் கிடையாது. சனிக்கிழமைதோறும் இரண்டு சுற்று. ஆறு வாரத்தில் 12 சுற்று முடிந்தது.

ஐந்து சுற்றில் சரியாகச் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலே சராசரியாக நான்கு வரும். குருட்டாம்போக்கில் ஐந்தோ அதற்கு மேலோ வருவது நூற்றுக்கு 37 தடவை நடக்கும். அதாவது, நாலரைக்கும் இரண்டரைக்கும் வித்தியாசம் தெரிந்ததற்கு ஒரு ஆதாரமும் இல்லை. 12-ல் குறைந்தது எட்டாவது வந்திருந்தால்தான் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். இதை ஒரு தாளில் கணக்குப் போட்டு அவரிடம் கொடுத்தேன். அன்று இரவு அவர் என்னோடு பேசவில்லை. லேபிளைப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதை எந்த மனிதரால்தான் உடனே ஏற்க முடியும்?

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு முடிவு சொல்ல ஸ்டூடண்ட் டி-சோதனை என்று ஒன்று கற்றுக்கொடுப்போம். 'ஸ்டூடண்ட்' என்பது புனைபெயர். வில்லியம் கோசெட் என்பவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர், 1899-ல் சேர்ந்தார். பார்லியும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் என்ற பூவும் தரமானவையா என்று நாலைந்து மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய தலைவலி. அந்தத் தலைவலியில் பிறந்த கட்டுரை 1908-ல் அந்தப் புனைபெயரில் வெளியானது. வகுப்பு தூங்கி விழும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன், பீர் என்றதும் கடைசி பெஞ்சு எழுந்து உட்காரும். என் பிழைப்பே ஒரு பீர்க்காரர் போட்ட பாதையில்தான் ஓடியது என்று கணவர் இன்றுவரை குத்திக்காட்டுகிறார். இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அவருக்கு உண்மையான ஆர்வம் வந்தது. ஒருநாள் கோதுமை பீர் ஒன்றைத் திறந்தார். நான் சமையலறையின் அந்தக் கோடியில் நின்றிருந்தேன். பழுத்த வாழைப்பழ வாசம். குப்பைக்கூடையில் தோல் கிடக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வாசம் வந்தது டம்ளரிலிருந்து. பக்கத்தில் போய் முகர்ந்தால் வாழைப்பழத்துக்குப் பின்னால் கிராம்பு. இரண்டையும் யாரும் அதில் போடவில்லை. ஈஸ்ட் செய்கிற வேலை. வாழைப்பழத்தில் இருக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற அதே பொருளை அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போதே உண்டாக்கிவிடுகிறது. பவேரியாவில் 1516-ல் பீருக்கு ஒரு சட்டம் போட்டார்கள்: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், இவ்வளவுதான் சேர்க்கலாம் என்று. அதில் ஈஸ்ட் என்ற பெயரே கிடையாது. அது செய்யும் வேலை அப்போது யாருக்கும் தெரியாது. 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். 1516-லிருந்து எண்ணினால் 367 வருடம்.

குடிக்காதவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மூக்குக்கு வேலை இருக்கிறது. பீர் பாட்டில் ஏன் பழுப்பு நிறத்தில் இருக்கிறது தெரியுமா? வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றம் பிறக்கும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுத்துவிடும், பச்சைக் கண்ணாடியும் வெள்ளைக் கண்ணாடியும் அந்த அளவுக்குத் தடுக்காது. படித்ததைச் செய்து பார்த்துவிடுவோம் என்று ஒரே பாட்டிலை இரண்டு டம்ளரில் ஊற்றினோம். ஒன்று அலமாரிக்குள். இன்னொன்று ஜன்னல் திட்டில், நல்ல வெயிலில், அரை மணி நேரம். எடுத்து முகர்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏதோ பிராணி பயந்து போய் விட்டுப்போன வாடை. அதையும் முக்கோணச் சோதனையாக வைத்தார், இந்த முறை பரீட்சை எனக்கு, முகர்வது மட்டும்தான். 6-க்கு 6. குருட்டாம்போக்கில் அப்படி வர 729-ல் ஒரு வாய்ப்புதான். அந்தத் தாளை அவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார்.

அன்றிலிருந்து நோட்டின் மொழியே மாறிப்போனது. 'அருமை' அநேகமாகக் காணாமல் போய்விட்டது. 'நனைந்த அட்டைப்பெட்டி வாசம், பழைய சரக்கு' என்று ஒரு பதிவு. 'வெண்ணெய் மாதிரி, நொதிப்பு முடியும் முன்பே அவசரப்பட்டிருக்கிறார்கள்' என்று இன்னொன்று. 'பச்சை ஆப்பிள்?' என்று கேள்விக்குறியோடு ஒன்று, மறுநாள் அதை அடித்துவிட்டு 'இல்லை, என் கற்பனை' என்று. அந்த அடித்த வரியைப் பார்த்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஏழு மாதம் கழித்து வேறு இரண்டு பீரை வைத்து மறுபடியும் 12 சுற்று. ஒன்பது சரி. குருட்டாம்போக்கில் ஒன்பதோ அதற்கு மேலோ வருவது ஆயிரத்தில் நான்கு தடவைதான். ஒப்புக்கொண்டேன்.

ஆகவே உங்கள் வாசகருக்கு என் பதில் இது. முதல் 212 பதிவுகள் வரை அவர் சொல்வது சரி, அது பொழுதுபோக்கு இல்லை. பழக்கம் என்றுகூடச் சொல்லமாட்டேன், வாங்குவதில் வரும் சந்தோஷம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதற்கு எதற்கு ஒரு பட்டம்? அதற்குப் பின் நடந்ததைத்தான் நான் பொழுதுபோக்கு என்கிறேன், ஏனென்றால் அதில் என் கணவரால் தோற்க முடிந்தது. சதுரங்கத்தில் தோற்கலாம், தோட்டத்தில் செடி பட்டுப்போகலாம், வீணையில் சுருதி தவறலாம். 'ரொம்ப அருமை' என்று எழுதுகிறவர் எப்படித் தவறுவார்?

கிராஃப்ட் பீர் என்பதே வியாபாரிகள் கிளப்பிவிட்ட மோகம் என்றும் உங்கள் வாசகர் எழுதியிருந்தார். அங்கே எனக்கு உடன்பாடில்லை, வரிசை தலைகீழாகிவிட்டது. அமெரிக்காவில் 1978 வரை வீட்டில் பீர் காய்ச்சச் சட்டத்தில் இடமில்லை. அந்த வருடம் அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான், தனி ஆள் வருடத்துக்கு 100 காலன், பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டில் 200 காலன் என்று அனுமதி கொடுத்தது. வீட்டில் காய்ச்சிப் பழகிய கென் கிராஸ்மன் 1980-ல் சியரா நெவாடா ஆலையில் பீர் காய்ச்ச ஆரம்பித்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியவர்கள்தான் வியாபாரி ஆனார்கள். ஆனால் காய்ச்சுவது பொழுதுபோக்கா என்று யாரும் சண்டை போடுவதில்லை. தகராறெல்லாம் என் கணவரைப் போல, காய்ச்சத் தெரியாமல் குடிக்க மட்டும் செய்கிறவர்களைப் பற்றித்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் வாசகர் பக்கம் நான் முழுசாக நிற்கிறேன். மதுவை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று சொல்லும் முதல் வகைப் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988-ல். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் சொன்னது. கிராஃப்ட் என்று லேபிளில் போட்டிருப்பதைக் கல்லீரல் படிப்பதில்லை. கணக்கு இப்படி: 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். என் கணவர் ஒரு காலத்தில் தேடித்தேடி வாங்கிய, ஸ்டவுட் என்ற 10 சதவீதக் கறுப்பு பீர் 500 மில்லி பாட்டிலில் சுமார் 39 கிராம். ஒரே ஒரு பாட்டில்தானே என்பார். ஒரு பாட்டில்தான், ஆனால் மூன்று மடங்கு. எங்கள் சனிக்கிழமைச் சோதனையில் இரண்டு சுற்றுக்கும் சேர்த்து 180 மில்லி, 5 சதவீதம் என்றால் ஏழு கிராம் சொச்சம். மீதியைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். முதல் வாரம் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டார். இப்போது அவரே ஊற்றுகிறார். கொட்ட மனம் வராதவரிடம் பொழுதுபோக்கா பழக்கமா என்று கேட்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மிச்சம் வைக்காமல் குடித்தே ஆகவேண்டும் என்பவர் எத்தனை வாசனைகளின் பெயரைச் சொன்னாலும் நான் மயங்கமாட்டேன்.

அந்த அலுவலக மலர் 'புத்தக வாசிப்பு' என்றே அச்சாகி வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய நண்பர்கள் அவருடைய பிறந்தநாளுக்கெல்லாம் புத்தகம் கொடுக்கிறார்கள். இதுவரை ஆறு. மேல் காகிதம்கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் மேல்தான் அந்த நோட்டு இருக்கிறது. இந்தக் கடிதத்தை வெளியிட்டால் எங்கள் இருவர் பெயரையும் தயவுசெய்து போடாதீர்கள். அடுத்த மாதம் மறுபடியும் பிறந்தநாள் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியை ஒருவர்