எண்சாண் உடம்பும் விகிதக் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனித உடலின் அளவுகள் மாறாத விகிதங்களுக்குக் கட்டுப்பட்டவை என்ற கருத்து, நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களிலும் மாணவர் இணைப்புகளிலும் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. விரித்த கைகளின் நீளம் உயரத்துக்குச் சமம், பாதம் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, தொப்புள் உடலைப் பொன் விகிதத்தில் (ஏறத்தாழ 1.618-க்கு 1) பிரிக்கிறது என்றெல்லாம் எழுதுகிறவர்கள், எத்தனை பேரை அளந்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் இதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இவற்றுள் முதல் இரண்டும் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தவை. 1490-ஐ ஒட்டி லியொனார்டோ டா வின்சி வரைந்த புகழ்பெற்ற படம் இத்தகைய கணக்குகளை உலகெங்கும் கொண்டு சென்றது. ஓவியனுக்கும் சிற்பிக்கும் அவை நல்ல வழிகாட்டிகள். ஆனால் பெரியவர்களின் பாதம் பொதுவாக உயரத்தில் 15 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆறில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 16.7 சதவீதம் இருக்க வேண்டும். அவரவர் கையால் எட்டுச் சாண் என்று நாம் சொல்லிவரும் கணக்கும் இதேபோல் அளந்து பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

சராசரி சரியாக அமைந்துவிட்டாலும் விகிதம் நிலையானது என்று ஆகிவிடாது. ஒரு குழுவில் பாதிப் பேருக்குக் கைவிரிவை உயரத்தால் வகுத்த ஈவு 0.97 ஆகவும் மீதிப் பேருக்கு 1.03 ஆகவும் இருந்தால், சராசரி மிகச் சரியாக 1 என்று வரும். ஆனால் அந்த 1 அங்கே ஒருவரிடமும் இல்லை. ஆகவே சராசரியோடு பரவலையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, அளவீட்டுப் பிழை எவ்வளவு என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு ஆள் விகிதம் மாறுபடுவது அந்தப் பிழைக்குள் அடங்கினால் நிலையான விகிதம் என்று சொல்வதில் நியாயம் உண்டு. அதைவிடப் பல மடங்கு மிகுந்தால் அந்தக் கூற்றைக் கைவிட வேண்டியதுதான். மேலும், விகிதம் உண்மையிலேயே மாறாதது என்றால் இரண்டு அளவுகளையும் வரைபடத்தில் குறிக்கும்போது கிடைக்கும் கோடு, இரண்டு அளவுகளும் சுழியாகும் ஆதிப்புள்ளி வழியே செல்ல வேண்டும். அப்படிச் செல்லாவிட்டால் உயரமானவர்களின் விகிதம் வேறு, குட்டையானவர்களின் விகிதம் வேறு என்று பொருள்.

வலுவான ஒட்டுறவை, அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்தே கூடிக் குறைவதை, நிலையான விகிதம் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. ஒட்டுறவு முழுமையாக இருந்தால் அதன் எண் 1. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1888-இல், உயரத்துக்கும் முழங்கை முதல் நடுவிரல் நுனி வரையிலான நீளத்துக்கும் இடையே 0.8 என்ற ஒட்டுறவைக் கண்டார். இது பெரிய எண்தான். ஆயினும் விளக்கப்படும் பங்கைக் காட்டுவது இதன் வர்க்கமான 0.64. அதாவது உயரத்தில் காணப்படும் மாறுபாட்டில் 36 சதவீதத்தை இந்தக் கை நீளம் விளக்கவில்லை. வகுப்பறைச் சோதனைகளில் இதைவிட உயர்ந்த எண்கள் கிடைப்பது உண்டு. சிறுவர்களையும் பெரியவர்களையும் ஒன்றாகச் சேர்த்து அளப்பதே பல நேரங்களில் அதற்குக் காரணம். வளரும்போது எல்லா உறுப்புகளும் பெரிதாவதால் எதை எதோடு ஒப்பிட்டாலும் ஒட்டுறவு கூடித் தெரியும். உண்மையில் வளர்ச்சியே விகிதங்களை மாற்றிவிடுகிறது. பிறந்த குழந்தைக்குத் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெரியவருக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. முதுமையில் முதுகெலும்பு குறுகி உயரம் குறைகிறது, கைவிரிவு அவ்வளவாகக் குறைவதில்லை.

பொன் விகிதத்தின் கதை வேறு. ஒருவரின் உடலில் 20 அளவுகளை எடுத்தால் அவற்றை 190 இணைகளாக ஒப்பிடலாம். அத்தனை ஈவுகளில் சில 1.618-க்கு அருகே வருவதில் வியப்பு இல்லை. எந்த இணையைச் சோதிக்கப் போகிறோம் என்பதை அளப்பதற்கு முன்பே எழுதிவைக்காத ஆய்வை நான் சான்றாக ஏற்க மாட்டேன்.

இந்த மாறுபாடுகளைப் பிழை என்று தள்ளிவிடவும் கூடாது. 1950-இல் அமெரிக்க விமானப் படை 4,063 விமானிகளை அளந்தது. எடுத்த அளவுகளுள் பத்தைத் தேர்ந்து அப்படையின் ஆய்வாளர் கில்பர்ட் டேனியல்ஸ் ஆராய்ந்தபோது, பத்திலும் நடுத்தர வரம்புக்குள் அடங்கிய ஒருவர்கூட அகப்படவில்லை. சராசரி மனிதனுக்கென்று அமைத்த விமானி அறை யாருக்கும் பொருந்தாது என்பது அதனால் தெளிவானது. மருத்துவத்திலும் கைவிரிவு உயரத்தைவிட 5 சதவீதத்துக்கு மேல் மிகுந்திருப்பது, இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபுவழி நோயான மார்பான் நோய்க்குறித் தொகுதியின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. விகிதம் எல்லோருக்கும் ஒன்றே என்று நம்பிவிட்டால் இத்தகைய வேறுபாடு கண்ணில் படாது.

ஆகவே உடல் விகிதங்களைப் பற்றிய செய்தியை வெளியிடும்போது, அளக்கப்பட்டோர் எண்ணிக்கை, வயது வரம்பு, பரவலைக் காட்டும் திட்டவிலக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவர் பக்கமாக இருந்தால், விடையாக ஓர் எண்ணைத் தருவதற்குப் பதில் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சிதறல் வரைபடம் ஒன்றை வெளியிட்டு, கோட்டிலிருந்து விலகி நிற்கும் புள்ளிகளைப் பற்றிக் கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்