பழைய கூடுகளுக்குள் மறுபடியும் மிருகங்களை அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தெகிவளை மிருகக்காட்சிசாலையில் இடம் போதாது, மிருகங்களை விசாலமான இடங்களுக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. கொஞ்சம் காரியமும் நடந்திருக்கிறது. 2015இல் பின்னவலையில் திறந்தவெளி மிருகக்காட்சிசாலை வந்தது, அடுத்த வருடமே ரிதியகமவில் சபாரி பூங்கா வந்தது. சந்தோசம். ஆனால் மிருகத்தை ஏற்றிக்கொண்டு போன பிறகு அது இருந்த கூடு என்னவாகிறது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வன்னியில் இருக்கிற ஆளுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் கொழும்புச் சுற்றுலா என்றால் முதலில் தெகிவளைதான், இரவிரவாக பஸ்ஸில் போய் இறங்கி அந்தக் கூடுகளைத்தான் பார்க்கிறார்கள். அதை விட, காடு எங்கள் வேலிக்கு வெளியே தொடங்குகிறது. மிருகத்தோடு எப்படி நடந்துகொள்வது என்பது எங்களுக்கு ஒவ்வொரு நாளும் வருகிற கேள்வி.

நான் சொல்ல வருவது இதுதான்: வெறுமையாகக் கிடக்கும் கூடு கனநாளைக்கு வெறுமையாக இருக்காது. யாரோ ஒருவர் எதையாவது கொண்டுவந்து அதற்குள் விட்டுவிடுவார்.

இதைக் கண்ணால் கண்டுதான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பொது வளவில், இடத்தின் பேர் வேண்டாம், முன்பு மான் வளர்த்த கம்பிவலைக் கூடு ஒன்று இருக்கிறது. மான்கள் இல்லாமல் போன பிறகு உடைந்த கதிரைகளையும் விறகையும் அதற்குள் போட்டு வைத்திருந்தார்கள். அது அப்படியே இருந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பிறகு கால் முறிந்த மயில் ஒன்றைக் கொண்டுவந்து 'இப்போதைக்கு இதில் நிற்கட்டும்' என்று விட்டார்கள். மயில் செத்தது. அதற்குப் பிறகு தாயில்லாத குரங்குக்குட்டி ஒன்று வந்தது, அது இப்போது வளர்ந்த குரங்கு, இன்னும் அதே 'இப்போதைக்கு'தான். மேலே தகரம், கீழே சீமெந்து நிலம், தண்ணீர் போகிற ஓட்டை சருகு அடைத்துக் கிடக்கிறது. பிளாஸ்டிக் கானைப் பாதியாக வெட்டி வைத்த தண்ணீரில் பாசி. கதவுக்குப் பக்கத்தில், என் இடுப்பளவு உயரத்தில், ஒரு கம்பி மட்டும் பெயின்ற் போய் வெள்ளி மாதிரி மினுங்குகிறது, குரங்கு எந்நேரமும் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தக் கம்பியைத்தான். வருகிறவர்கள் பிஸ்கற் நீட்டுகிறார்கள், பிள்ளைகள் தடியால் குத்துகிறார்கள். இதையெல்லாம் செய்கிறவர்கள் பொல்லாத மனிதர்கள் இல்லை. கூடு இருந்தது, கதவு பூட்டக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான். பாதுகாக்கப்பட்ட காட்டு மிருகத்தை அனுமதி இல்லாமல் வைத்திருக்கக்கூடாது என்று 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் இருந்தும், கையெட்டிய தூரத்தில் கூடு இருந்தால் யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை.

ஒரு சின்ன வளவிலேயே இப்படி என்றால் பெரிய மிருகக்காட்சிசாலையில் கேட்கவே வேண்டாம். சிங்கத்துக்குச் சின்னது என்று ஒதுக்கிய கூடு, கரடிக்குப் போதும் என்று தோன்றும். கரடிக்கும் போதாது என்றால் நரிக்கு.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று தேடி வாசித்தேன். பெர்லின் நகரத்தின் சின்னமே கரடி, நகர நடுவில் ஒரு பூங்காவில் 1939 முதல் கரடிகளை வைத்திருந்தார்கள். கடைசிக் கரடி 2015இல் இறந்தது. வேறு கரடி கொண்டுவரவில்லை. 2017 முதல் அந்த இடத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் கண்காட்சி வைக்கிறார்கள், பார்க்க வருகிறவர்கள் கரடி நடந்த அதே நிலத்தில் நடக்கிறார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் கிரிபித் பூங்காவின் பழைய மிருகக்காட்சிசாலையை 1966இல் மூடிவிட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்டினார்கள், பழைய கற்குகைக் கூடுகளில் மேசை வாங்கு போட்டு ஆட்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிற இடமாக்கிவிட்டார்கள். எனக்கு அங்கே இருந்து சோறு இறங்காது, ஆனாலும் பரவாயில்லை, மிருகம் உள்ளே இல்லை. லண்டனில் 1934இல் பென்குயின்களுக்குக் கட்டிய கொங்கிறீட் தடாகம் கட்டடக்கலைக்குப் பேர்போனது. 2004இல் பென்குயின்களை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மரபுச் சின்னமாக அறிவித்திருப்பதால் இடிக்கவும் முடியாது. சென்னையிலும் 1855இல் தொடங்கி, பிறகு மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய மிருகக்காட்சிசாலைதான் வண்டலூருக்குப் போய் 1985இல் திறக்கப்பட்டது.

தெகிவளையின் கதையும் பழையதுதான். ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மன் மிருக வியாபாரி சேர்த்து வைத்திருந்த மிருகங்களோடு தொடங்கியது, 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதே ஹாகன்பெக் குடும்பத்துக் கார்ல் என்பவர்தான் 1907இலேயே ஹம்பேர்க்கில் கம்பி இல்லாமல் அகழி வெட்டி மிருகங்களைத் திறந்தவெளியில் விட்டுக் காட்டியவர். கம்பிக்கூடு தேவையில்லை என்பது நேற்றுக் கண்டுபிடித்த விசயம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? வன்னிச் சனத்துக்கு எதையும் எறியப் பழக்கமில்லை. சண்டைக் காலத்தில் எங்கள் ரயில் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்கு மேல் போனதை எல்லோரும் அறிவார்கள், திரும்ப ரயில் கிளிநொச்சிக்கு வர 2013 ஆனது. ஆகவே இரும்பை வீணாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டைக் கூடாக ஏலத்தில் விடாதீர்கள். கதவும் கொண்டியுமாக முழுசாக விற்றால் அது எங்கேயோ ஒரு ஹோட்டல் வளவில் போய் நிற்கும், அதற்குள் ஒரு உயிர் போகும். காஸ் கட்டரால் வெட்டித் துண்டாக்கி, பழைய இரும்பாக நிறுத்து விற்கட்டும். இடத்தில் மரம் வைக்கட்டும், நிழலில் வாங்கு போடட்டும், தூரத்தில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஒழுங்கான மலசலகூடம் கட்டட்டும். இந்தக் கடைசிச் சொல்லுக்குச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன எந்த ரீச்சரும் கை தூக்குவார்.

காயப்பட்ட மிருகங்களை வைத்துப் பராமரிக்க அந்தக் கூடுகள் உதவுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் காட்சிக்கூடு மூன்று பக்கமும் ஆட்கள் பார்ப்பதற்கென்று கட்டியது. காயப்பட்ட சிறுத்தைக்கு முதலில் வேண்டியது இருட்டும் மறைவும். அதோடு, கழுவும்போது மாற்றி அடைக்க இரண்டாவது அறை வேண்டும், நடுவில் தூக்குக் கதவு வேண்டும், தண்ணீர் வடிந்தோடும் நிலம் வேண்டும். அதைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும், வன்னியிலேயே கட்டினால் இன்னும் நல்லது.

ஒரே ஒரு கூட்டை மட்டும் வைத்திருங்கள், மிகச் சின்னதாகப் பார்த்து. அதன் கதவைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் உள்ளே போய் நிற்கட்டும், மூலையில் இருந்து மூலைக்கு நடந்து பார்க்கட்டும், வெளியே நிற்கிற கூட்டாளிகள் தங்களைப் பார்ப்பதை அவர்கள் பார்க்கட்டும். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையைச் சனம் அடித்துக் கொன்ற காணொளி நாடு முழுவதும் ஓடியது. அடித்தவர்களைத் திட்டுவது இலேசு. அந்த ஊர்ச் சனம் பயந்துபோய்த்தான் இருந்தது. ஆனால் எங்கள் பிள்ளைகள் மிருகத்தை இரண்டு விதமாகத்தான் காண்கிறார்கள், ஒன்று பயிரழிக்க வருவதாக, இல்லாவிட்டால் கூட்டுக்குள் நிற்பதாக. பாலைப்பழக் காலத்தில் கரடி காட்டுக்குள் எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெரிந்த வன்னிப் பிள்ளை ஒன்று அந்தக் கூட்டுக்குள் நின்றால், நாங்கள் வகுப்பில் ஒரு தவணை முழுக்கச் சொல்லியும் ஏறாதது அங்கே ஏறும்.

அந்தக் கூட்டில் ஒரு பலகை வையுங்கள்: இதில் எந்த மிருகம் இருந்தது, எத்தனை வருடம் இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று மூன்று மொழியிலும். தமிழை ஒரு தமிழ் ஆசிரியரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள், சம்பளம் இல்லாமல் பார்த்துத்தர எங்களில் பலர் ஆயத்தம். அதற்கு முன்னர், எங்கள் ஊர்க் குரங்கை வனசீவராசிகள் திணைக்களத்தினர் வந்து எடுக்கும் நாளில் அந்தக் கம்பிவலையையும் கழற்றிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
மாங்குளம்.