இரவையும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடிநோயாளிகளின் பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அவர்களுடைய அடம், அடிதடி, படிப்பில் கவனமின்மை எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. பதின்வயதில் 8 முதல் 10. குடித்துவிட்டு வரும் அப்பாவையோ அம்மாவையோ எதிர்பார்த்துக் கிடக்கும் பிள்ளைக்கு அது கிடைக்காது. கண்ணை மூடிப் படுத்திருக்கும். காது வாசலில் இருக்கும். வண்டிச் சத்தம், தாழ்ப்பாளைத் திறக்கும் வேகம், காலடியின் தள்ளாட்டம், இவற்றை வைத்தே இன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்துவிடும். குடிக்காத நாளிலும் இந்தக் காவல் ஓயாது.

தூக்கம் கெட்டால் பெரியவர்கள் சோர்ந்துவிடுவோம். சிறுபிள்ளைகள் பெரும்பாலும் துறுதுறுவென்று அலைவார்கள், சட்டென்று எரிந்து விழுவார்கள். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு, என்று முத்திரை குத்திவிடுவது சுலபம். அது உண்மையாகவும் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் தாய் குடித்திருந்தாலும் கவனக்குறைவும் தூக்கக் கேடும் சேர்ந்தே வரக்கூடும். பிரித்தறிய இரண்டு வாரக் குறிப்பு வேண்டும்: படுத்த நேரம், தூங்கிய நேரம், இடையில் விழித்தது, கெட்ட கனவு, படுக்கை நனைந்தது. கூடவே, அன்று வீட்டில் யார் குடித்தார்கள், சண்டை நடந்ததா என்பதும். வெட்கப்பட்டுப் பலர் காலியாக விடுவது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான்; மருத்துவருக்கு அதிகம் உதவுவதும் அதுதான்.

ஆறு மாதமாவது படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடித்தாலோ நாலு பேர் முன் சொல்லிக் காட்டினாலோ பயம்தான் கூடும். தூங்கவைப்பதற்காகச் சளி மருந்து ஊற்றுவது ஆபத்து.

கைபேசியை எடுத்து வைப்பது, விளக்கை மங்க வைப்பது எல்லாம் நல்ல யோசனைகளே. நள்ளிரவில் அடி விழும் வீட்டில் அவற்றைச் சொல்வது கேலிக்கூத்து. அங்கே முதல் வேலை பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது. மற்ற வீடுகளில் குடிக்காத பெரியவர் ஒருவர் பிள்ளையோடு படுக்கலாம். குடித்து வருபவருக்குக் கதவு திறந்துவிடும் வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள். ‘ஏன் குடித்தாய்’ என்ற விசாரணையைப் போதை தெளிந்த பிறகு, பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு எப்படிப் போயிருந்தாலும், காலையில் எழும் நேரம் கூடியவரை மாறாமல் இருக்கட்டும். கைக்குழந்தையைக் குடித்தவரின் படுக்கையில் போடவே கூடாது. அவர் புரண்டால் குழந்தைக்கு மூச்சடைத்துவிடும்.

2004இல் வெளியான, அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்த ஆய்வொன்றில், 3 முதல் 5 வயதில் தூக்கக் கோளாறு இருந்த சிறுவர்கள் பதின்வயதின் தொடக்கத்திலேயே மதுவைத் தொடும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குடியை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிடாது. நிறுத்தியவருக்கே பல வாரங்கள் தூக்கம் வராது, எரிச்சல் இருக்கும். பிள்ளைக்கு அது பழைய குடிநாள் போலவே தோன்றும். இதை முன்கூட்டியே பிள்ளையிடம் விளக்கிச் சொல்வதும், பிள்ளையின் தூக்கத்தை விசாரிப்பதும் குடிமீட்புச் சிகிச்சையின் பகுதியாக வேண்டும். நோயாளியை மட்டும் மறுபரிசோதனைக்கு வரச் சொல்வது போதாது.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவர்