கர்ப்பிணிகள் உள்ள லைன் வீடுகளில் கரிச்சட்டி ஆபத்தைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உதகமண்டலம்.

பொருள்: குளிருக்கு மூட்டும் கரியின் நச்சுக்காற்றிலிருந்து கர்ப்பிணிகளையும் கருவிலுள்ள குழந்தைகளையும் காக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

அறைக்குள் கரி மூட்டிப் படுக்காதீர்கள் என்று பனிக்காலத்தில் நிர்வாகம் சுற்றுலாப் பயணிகளை எச்சரிக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்த எச்சரிக்கை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள் வரை வருவதில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதையோ யாரும் பேசுவதே இல்லை.

நான் பணியில் இருந்தபோது ஒரு ஜனவரி காலை, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பார்க்க அவள் மாமியார் வந்து கூப்பிட்டார். "ராத்திரியெல்லாம் வாந்தி, தலை வெடிக்குதுங்கிறா. பித்தமா இருக்கும்" என்றார். போனேன். ஜன்னல் இடுக்கில் சிமெண்ட் சாக்கு திணித்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய பெயிண்ட் டப்பா, அதில் சாம்பல் பூத்த கரி. பிரஷர் சரி. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டியது, அதாவது இயல்பு என்று. சுகாதார நிலையத்திலும் அதே 98தான். வாந்தி மாத்திரையோடு திருப்பி அனுப்பினார்கள். நானும் அந்த எண்ணை நம்பினேன்.

நம்பியிருக்கக் கூடாது. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் அந்தச் சாதாரணக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. குழந்தை 1.9 கிலோவில் பிறந்தது, நடக்கவும் தாமதமானது. கரிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அன்று யாரும் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்யவில்லையே.

இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. சிசுவின் ரத்தத்தில் மெதுவாக ஏறி, கடைசியில் தாயைவிட அதிக அளவில் தங்கி, மெதுவாகவே இறங்கும். முகக்கவசம் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஓரிரு மணி நேரத்தில் தாய் தெளிந்துவிடுவாள். பிள்ளைக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். தாய் எழுந்து காபி குடிக்கிறாளே என்று ஆக்சிஜனை நிறுத்துவது அதனால்தான் தவறு. கடுமையாகத் தாக்கினால் கருவிலேயே இறப்பு, குறைப்பிரசவம், மூளைச் சேதம் வரை போகலாம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசிப்பதும் சும்மா விடுவதில்லை. குவாத்தமாலா மலைக்கிராமங்களில் விறகடுப்புப் புகையில் வாழ்ந்த தாய்மார்கள் சுவாசித்த இந்த வாயுவை அளந்து, அவர்களின் பிள்ளைகளை ஆறேழு வயதில் சோதித்தார்கள். கடைசி மூன்று மாதத்தில் தாய் இந்த வாயுவை அதிகம் சுவாசித்திருந்தால், பார்த்து வரைவது, கேட்டதை நினைவில் வைப்பது, விரல் வேலை ஆகியவற்றில் பிள்ளை பின்தங்கியது தெரிந்தது. சிறிய ஆய்வுதான், 39 பிள்ளைகள். ஆனாலும் நம் லைன்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

கேஸ் சிலிண்டர் கொடுத்தாயிற்றே என்று கேட்கலாம். சிலிண்டர் சோறு பொங்கும், ராத்திரி குளிரைப் போக்காது. புகை இல்லாத கனல் பாதுகாப்பானது என்று வேறு நம்புகிறார்கள். புகையாவது கண்ணைக் கரித்து வெளியே துரத்தும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீட்டுக்கு வரும் செவிலியர், "ராத்திரி குளிருக்கு என்ன மூட்டுகிறீர்கள்?" என்று ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் கேட்டு, தாய் சேய் அட்டையில் எழுத உத்தரவிட வேண்டுகிறேன். தலைவலி, மயக்கம், வாந்தி என்று வரும் கர்ப்பிணியை, குறிப்பாக வீட்டில் மற்றவர்களுக்கும் தலைவலி இருந்தால், 98 என்ற எண்ணை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது. உடனே ஆக்சிஜன் கொடுத்து, இந்த வாயுவை ரத்தத்தில் அளக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்த வசதி உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும்படி உறுதி செய்ய வேண்டும்.

அப்புறம் வீடுகள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த நாள் முதல் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகங்களின் பொறுப்பு. அடைக்க முடியாத காற்றுத் துளையும் புகைபோக்கியும் இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்துச் சரிசெய்ய வைக்க வேண்டும். அது முடியும்வரை கர்ப்பிணி உள்ள வீட்டுக்கு இரண்டு கனத்த கம்பளியாவது கொடுங்கள். வெறுங்கையோடு போய் "கரி மூட்டாதே" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனையோ குளிர்காலம் சொல்லிப் பார்த்தவள் நான்.

அடுத்த பனிக்காலத்துக்கு முன் உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)