சர்வரில் நெட்வொர்க் கார்டு இயங்காதது குறித்துப் புகார்

விடுநர்: வரி ஆலோசகர், ஈரோடு.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு விற்ற சர்வரில் நெட்வொர்க் கார்டு இயங்காமை. மதர்போர்டு பழுது என்று தவறாகச் சொன்னது. பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

எங்கள் கட்சிக்காரர்களின் பில்களும் கணக்குகளும் உங்களிடம் வாங்கிய சர்வரில்தான் இருக்கின்றன. கடந்த 18-ஆம் தேதி நீண்ட நேரம் கரண்ட் இல்லாததால் அதை முறைப்படி ஷட்டவுன் செய்தோம். மாலையில் ஆன் செய்தபோது, நெட்வொர்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி 2 நிமிடம் திரையில் நின்றது. பிறகு லாகின் வந்தது, நெட்வொர்க் வரவில்லை. ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கலுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள். தாமதமானால் அபராதமும் வட்டியும் எங்களை நம்பிக் கணக்கைக் கொடுத்த சிறு கடைக்காரர்கள் தலையில்தான் விழும்.

மறுநாள் வந்த உங்கள் இன்ஜினியர், "வோல்டேஜ் ஏறி கார்டு போயிடுச்சு, போர்டோட மாத்தணும்" என்று 9,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதினார். வந்து பார்த்ததற்கு 750 ரூபாய் வாங்கிக்கொண்டார். கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததைக் காட்டினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அன்றிரவே நான் பார்த்தேன். சர்வர் ஆன் ஆகும்போது வரும் கிரப் மெனுவில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து பூட் செய்ததும் அதே கார்டு உடனே வேலை செய்தது. போன கார்டு எப்படி வேலை செய்யும்? புதிய கெர்னலில், பொருத்தியுள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால் ரியல்டெக் 8111 கார்டு பட்டியலில் இருக்கிறது, ஆனால் எந்த டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) அதை எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், டிரைவர்களை லோடு செய்யும் மோட்புரோப் அமைப்புகளில் இருந்தது. கெர்னலோடு வரும் ஆர்8169 டிரைவரை பிளாக்லிஸ்ட் செய்து (தானாக லோடு ஆகாமல் தடுத்து) ஒரு ஃபைல் இருக்கிறது, அதன் தேதி சர்வரை நீங்கள் டெலிவரி செய்வதற்கு முந்தையது. அதற்குப் பதிலாக நீங்கள் கம்பைல் செய்த ஆர்8168 டிரைவர் பழைய கெர்னலின் ஃபோல்டரில் மட்டும் கிடக்கிறது. பாதுகாப்பு அப்டேட்டாகப் புதிய கெர்னல் தானாகவே இறங்கி ரீபூட்டுக்குக் காத்திருந்திருக்கிறது. கரண்ட் போன அன்று அது பொறுப்பேற்றதும் இரண்டு டிரைவருமே இல்லாமல் போனது. ஆர்8169-ஐக் கையால் லோடு செய்த நொடியில் நெட்வொர்க் வந்துவிட்டது.

சில போர்டுகளில் ஆர்8168 நன்றாக ஓடுகிறது என்று அதைப் போடுவது உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. போட்டால் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட வேண்டும், அப்போது ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அது தானாகக் கம்பைல் ஆகும். நீங்கள் அதைச் செய்யவும் இல்லை, செய்யாததை எங்களிடம் சொல்லவும் இல்லை.

ஆகவே 750 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மதர்போர்டு பழுது என்ற அறிக்கையை எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதே மாதிரி சர்வர் வாங்கிய மற்றவர்களுக்கு உடனே தகவல் அனுப்புங்கள். அடுத்த கெர்னல் அப்டேட்டில் அவர்களுக்கும் இதுவே நடக்கும், நல்ல போர்டை மாற்றப் பணம் கட்டிவிடுவார்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.

இணைப்பு: பில் நகல், எஸ்டிமேட், இரண்டு கெர்னல்களிலும் எடுத்த திரைப் படங்கள்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர், ஈரோடு