சிலிக்கோனுக்கும் வொரண்டி உண்டாம், கார்ட் எங்கே?

தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையினருக்கு,

வணக்கம். காலி வீதியில் 2009இல் வாங்கிய பிளெண்டரின் வொரண்டி கார்ட், கடை முத்திரையும் திகதியுமாக இன்னும் அம்மாவின் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. பிளெண்டர் எப்போதோ போய்விட்டது. 2011இல் மார்பகத்துக்குப் பதிலாக என் நெஞ்சுக்குள் வைத்த சிலிக்கோன் இம்பிளாண்டுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட என்னிடம் இல்லை. அப்படி ஒன்று தந்திருக்க வேண்டும் என்பதே பதின்மூன்று வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

மார்பகப் புற்றுநோய்க்கு வலப்பக்கம் எடுத்த பிறகு வைத்தது அது. (அழகுக்காக வைத்துக்கொண்டவர்களுக்கும் நான் கேட்கப்போகும் எல்லாம் பொருந்தும். பணம் கொடுத்து வாங்கிய பொருள், காரணத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை.) 2024இல் சட்டையின் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. வலியில்லை, காய்ச்சலில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் இம்பிளாண்டின் உறை கிழிந்திருந்தது. எப்போது கிழிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்த ஜெல் கெட்டியானது. இம்பிளாண்டைச் சுற்றி உடம்பு தானாகக் கட்டிக்கொள்ளும் தழும்பு உறைக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடும், கிழிந்தது வெளியே தெரியாது. அதனால்தான் அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கானும் அதன்பின் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றும் எடுக்கும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இப்போது சொல்கிறது. எனக்கு அன்று சொன்னது, "ஒரு பயமும் இல்லை, மறந்துபோய் இருங்கோ." நானும் மறந்துதான் போனேன்.

கிளினிக்கில் பக்கத்தில் இருந்தவர்கள் "பத்து வருசமானால் மாத்த வேணும்" என்றார்கள். பால்மா பக்கெட்டில் போல இதற்கு முடிவுத் திகதி கிடையாது. ஆயுள் முழுக்க இருக்கும் என்று யாரும் சொல்லவும் முடியாது. வருடம் கூடக் கூடக் கிழியவும், சுற்றியுள்ள தழும்பு இறுகிக் கல்லாகவும் வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான். அந்தப் பத்து வருடக் கதை வொரண்டியிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். பெரிய கம்பனிகளின் வொரண்டியில் வழக்கமாக இருப்பது இதுதான்: உறை கிழிந்தால் எத்தனை வருடமானாலும் புது இம்பிளாண்ட் இலவசம். சத்திரசிகிச்சைச் செலவுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை, அது பெரும்பாலும் முதல் பத்து வருடத்துக்கு மட்டும். தழும்பு இறுகினால் சில கம்பனிகள் பொறுப்பேற்கும், சில ஏற்காது. வெறுமனே பழசாகிவிட்டது, சுருங்கிவிட்டது, அளவு பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை. நாட்டுக்கு நாடு நிபந்தனையும் மாறும். இலங்கைக்கு எது பொருந்தும் என்பதைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதி யாரும் என் கையில் தரவில்லை.

சரி, எனக்குப் பத்து வருடம் 2021இலேயே முடிந்துவிட்டது. பொருளாவது கிடைக்கட்டும் என்று வைத்த இடத்துக்கே போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, கணினியில் அரை மணித்தியாலம் தேடியது. "அன்ரி, அந்தக் காலத்து பைல் இப்ப இல்லை. கொண்டுவந்த கம்பனியிட்டக் கேட்டுப் பாருங்கோ." கம்பனியிடம் கேட்டால், அந்த ஏஜென்சி இப்போது தங்களிடம் இல்லையாம், சீரியல் நம்பர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதாம். இம்பிளாண்ட் வரும் பெட்டிக்குள்ளேயே சீரியல் நம்பரும் லொட் நம்பரும் (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்) அச்சடித்த ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை பைலில் ஒட்டி, ஒன்றை நோயாளியின் கார்டில் ஒட்டிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

கிழிந்த இம்பிளாண்டிலேயே அந்த விபரம் பொறித்திருக்கக்கூடும் என்று பிறகுதான் அறிந்தேன். பல கம்பனிகள் வொரண்டி கொடுக்குமுன் எடுத்த இம்பிளாண்டைத் திருப்பி அனுப்பச் சொல்லும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் என்னிடமிருந்து எடுத்தது சத்திரசிகிச்சைத் தியேட்டர்க் கழிவோடு போய்விட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வைத்துக்கொள்ளச் சொல்ல அங்கே யாரும் இல்லை, அவ்வளவே. புதியதற்கு முழு விலை கட்டினேன். டொலர் 200 ரூபாயாக இருந்த காலமும் இல்லை இது.

இது காசுக் கணக்கோடு முடியும் விடயமும் அல்ல. 2010இல் பிரான்சின் பிப் கம்பனி மருத்துவத்துக்கு ஆகாத தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது பிடிபட்டது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பனி தன் பயோசெல் வகைச் சொரசொரப்பான இம்பிளாண்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அரிதான ஒரு லிம்போமாப் புற்றுநோயோடு அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. அறிகுறி இல்லாதவர்கள் அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை என்றார்கள். நல்லது, ஆனால் தன்னுடையது அந்த வகையா என்று தெரிந்தவளுக்குத்தானே அந்த ஆறுதல்? ஒருமுறை புற்றுநோய் வந்துபோன எனக்கு அந்த ஜூலை எப்படிப் போனது என்று எழுத மாட்டேன்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருத்துவ சாதனங்களையும் உங்கள் கையில் தந்திருக்கிறது. ஐரோப்பாவில் இம்பிளாண்ட் கார்ட் கொடுப்பது சட்டம். அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் யாருக்கு எது வைக்கப்பட்டது என்று பதிவேடே இருக்கிறது. பதிவேடு மெல்ல வரட்டும். முதலில் கார்டைக் கட்டாயமாக்குங்கள். இறக்குமதிக்குப் பதிவு கொடுக்கும்போதே இலங்கைக்குப் பொருந்தும் வொரண்டி நிபந்தனையை மூன்று மொழியிலும் வாங்கி வையுங்கள். ஏஜென்சி கைமாறினால் பழைய நோயாளிகள் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எடுத்த இம்பிளாண்டை, நோயாளியிடம் கேட்காமல் எறியக்கூடாது என்று வைத்தியசாலைகளுக்கு ஒரு சுற்றறிக்கை போக வழி செய்யுங்கள்.

பதிலைத் தமிழில் அனுப்பினால் உதவியாக இருக்கும். கிளினிக் வாங்கில் என்னோடு இருப்பவர்களில் இருவர், தங்களுக்குள் இருப்பது எந்தக் கம்பனி என்றே தெரியாதவர்கள். அவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒருத்தி